உங்களுக்குத் தெரியுமா? குட்டிக் கையில் ஒரு குட்டிக் குழாய்!

பிறந்த குழந்தைக்கு டிரிப்ஸ் ஏற்றும் குழாயின் தடிமன் எவ்வளவு தெரியுமா? நிறத்தை வைத்தே சொல்லிவிடலாம். மஞ்சள் என்றால் 0.7 மில்லிமீட்டர். ஊதா என்றால் வெறும் 0.6!

1 கிலோ எடையில் பிறந்த குழந்தையின் மொத்த ரத்தமே சுமார் 90 மில்லிதான். ஒரு கிளாஸ் டீ!

1950 வரை ரத்தக் குழாய்க்குள் பெரும்பாலும் உலோக ஊசியே தங்கியிருந்தது. ஊசிமேல் பிளாஸ்டிக் உறை மாட்டி, ஊசியை உருவிவிட்டு உறையை மட்டும் உள்ளே விடும் வித்தையைக் கொண்டுவந்தவர் அமெரிக்காவின் மேயோ கிளினிக் டாக்டர் டேவிட் மாசா!

ஊசி குத்துவது பாதி வேலைதான். கழலாமல் ஒட்டுவதில்தான் இருக்கிறது சூட்சுமம்! நம் தோலின் மேல்பகுதியில் 10 முதல் 20 படலங்கள். ரொம்பவும் குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு 2 அல்லது 3! பிளாஸ்திரியை வெடுக்கென்று இழுத்தால் தோலும் சேர்ந்தே வந்துவிடும். அதனால் நர்ஸ்கள் அதை நனைத்து, முனையை மடித்து, தோலை விரலால் அழுத்தியபடி படுக்கைவாட்டில் உரிக்கிறார்கள். என்ன பொறுமை! நோகாமல் கழன்று வர சிலிகான் பசைப் பிளாஸ்திரியும் உண்டு.

கையைச் சுற்றி வளைத்து ஒட்டவே கூடாது! வீங்கினால் ரத்த ஓட்டம் தடைபடும். விரல் நுனிகள் வெளியே தெரியணும். குத்திய இடத்தின் மேல் ஊடே பார்க்கக்கூடிய ஒட்டுத்தாள். மணிக்கொரு தடவை பார்த்தால் நாளொன்றுக்கு 24 தடவை!

கையில் ரத்தக் குழாய் கிடைக்கவில்லையா? தலையில் குத்தலாம்!

இதைக் கேளுங்கள். தொப்புள் கொடியில் 3 ரத்தக் குழாய்கள். பிறந்த சில நாட்கள் வரை அதன் வழியாகவே குழாய் விடலாம்! கழலாமல் இருக்கக் கொடியோடு சேர்த்துத் தையலே போடுகிறார்கள். ஐயோ, வலிக்காதா? கொடியில் வலி நரம்பே கிடையாது! மேலே பிளாஸ்திரியால் இரண்டு கால், குறுக்கே ஒரு சட்டம். டாக்டர்கள் அதற்கு வைத்த பெயர் கோல் போஸ்ட்!

கையில் குத்தினால் வலிக்குமே? 2 நிமிடம் முன்பு நாக்கில் சில சொட்டு சர்க்கரைக் கரைசல். வலி குறைகிறது! தாய்ப்பாலுக்கும் அந்த மகிமை உண்டு.

உள்ளங்கையில் எது பட்டாலும் இறுகப் பிடித்துக்கொள்வது பிறந்த குழந்தையின் குணம். டிரிப்ஸ் குழாய் சிக்கினாலும் விடாது! அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். குழாயை ஒரு சுற்று வளைத்து ஒட்டிவிடுவார்கள். குட்டிக் கில்லாடி இழுத்தால் முதலில் வளையம்தான் நீளும்!