கிரேன் அசையுதா, இல்லையா? - ஸ்டேடியம் எழும்புவதை இரண்டு வருஷம் பார்த்த ரசிகர்கள்!

சொந்த வீடு கட்டியவர்களுக்கு ஒரு பழக்கம் தெரிந்திருக்கும். வேலை இருக்கிறதோ, இல்லையோ, சாயங்காலம் ஒரு நடை போய் சைட்டைப் பார்த்துவிட்டு வருவார்கள். நேற்றைக்கும் இன்றைக்கும் நாலு வரிசை செங்கல்தான் ஏறியிருக்கும். ஆனாலும் அதைப் பார்த்தால்தான் ராத்திரி தூக்கம் வரும்.

இதையே ஒரு ஊர் முழுக்க, ஒரு ஸ்டேடியத்துக்காகச் செய்தால் எப்படியிருக்கும்? அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாகாணத்தில் இருக்கும் சான் டியாகோவில் 2020 முதல் 2022 வரை அதுதான் நடந்தது.

காலேஜ் டீமுக்கா இவ்வளவு பெரிய ஸ்டேடியம்?

நமக்கு இது கொஞ்சம் ஆச்சர்யம்தான். ஆனால், அமெரிக்காவில் காலேஜ் ஃபுட்பால் என்பது தனி உலகம். அங்கே ஃபுட்பால் என்றால் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு, முட்டை வடிவப் பந்தை வைத்து ஆடும் அமெரிக்கன் ஃபுட்பால். படித்து முடித்து முப்பது வருஷம் ஆனவர்கள்கூட, பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு காலேஜ் டீமின் மேட்ச்சுக்கு வருவார்கள்.

சான் டியாகோ ஸ்டேட் யுனிவர்சிட்டி டீமின் பெயர் ஆஸ்டெக்ஸ். அவர்கள் ஆடிவந்தது 1967-ல் திறக்கப்பட்ட பழைய ஸ்டேடியத்தில். சுமார் 70,000 பேர் உட்காரலாம். அதே மைதானத்தில்தான் சார்ஜர்ஸ் என்ற தொழில்முறை டீமும் ஆடியது. 2017-ல் சார்ஜர்ஸ், ஊரைவிட்டே லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் போய்விட்டது. ஊருக்கு அது பெரிய அடி. அந்த மைதானத்தில் மிச்சமிருந்த ஃபுட்பால் டீம் என்றால் இந்தக் காலேஜ் டீம்தான்.

அந்த இடத்தை என்ன செய்வது என்று 2018 நவம்பரில் மக்களிடம் ஓட்டுக்கு விட்டார்கள். சாக்கர் டீமை மையமாக வைத்த ஒரு திட்டமும், யுனிவர்சிட்டிக்கு இடத்தை விற்கும் திட்டமும் மோதின. மக்கள் யுனிவர்சிட்டி பக்கம் நின்றார்கள். 2020-ல் சுமார் 135 ஏக்கர் நிலம் கைமாறியது. ஆகஸ்ட்டில் பூமி பூஜை மாதிரி ஒரு விழா நடத்தி, வேலையை ஆரம்பித்தார்கள்.

ஓட்டுப் போட்டு வாங்கிய இடம். அப்புறம் ரசிகர்கள் சும்மா இருப்பார்களா?

ஒரு பக்கம் இடிப்பு, ஒரு பக்கம் கட்டடம்

சைட்டைக் காட்டும் நேரலை கேமராக்கள், வானத்திலிருந்து எடுத்த டிரோன் வீடியோக்கள் என வீட்டிலிருந்தே பார்க்க வசதி இருந்தது. பக்கத்திலேயே டிராலி என்று அழைக்கப்படும் உள்ளூர் ரயிலின் ஸ்டேஷனும் உண்டு. உயரத்தில் போகும் பாதை என்பதால், ஜன்னல் ஓரம் உட்கார்ந்தால் போதும்.

அவர்கள் பார்த்தது சாதாரணக் காட்சியில்லை. பழைய ஸ்டேடியத்தின் பார்க்கிங் இடத்தில் புதியது எழும்பிக்கொண்டிருந்தது. அதே வளாகத்தில் பழையது இடிபட்டுக்கொண்டிருந்தது. 2021 மார்ச்சில் பழைய ஸ்டேடியத்தில் நின்றுகொண்டிருந்த கடைசிப் பகுதியும் விழுந்தது. அப்பாவோடு முதல் மேட்ச் பார்த்த இடம் மண்ணாவதையும், பிள்ளையைக் கூட்டிப்போகப் போகிற இடம் வளர்வதையும் ஒரே நாளில் பார்த்தால், மனசு என்ன பாடுபடும் என்று யோசித்துப் பாருங்கள்.

இதற்கிடையே டீம் எங்கே ஆடியது? சுமார் 175 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கார்சனில். இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஊரைவிட்டுப் போன சார்ஜர்ஸ், தன் புது இடம் தயாராகும்வரை மூன்று சீசன் தங்கியிருந்ததும் அதே கார்சன் மைதானத்தில்தான்! 2020-ல் கொரோனாவால் அங்கே ரசிகர்களுக்கு அனுமதியில்லை. 2021-ல் ஆஸ்டெக்ஸ் 12 வெற்றிகள் பெற்றது. அந்த டீமின் வரலாற்றிலேயே ஒரு சீசனில் அதிகபட்ச வெற்றி அது. ஆனால், 'சொந்த ஊர் மேட்ச்' என்று பேர் இருந்தாலும், பார்க்க வேண்டுமென்றால் இரண்டு மணி நேரம் கார் ஓட்ட வேண்டும். வாடகை வீட்டில் கல்யாணம் நடத்தின மாதிரி! அதனால்தான், கிரேன் அசைகிறதா என்று பார்ப்பது அவர்களுக்கு வெறும் பொழுதுபோக்காக இல்லை. 'நம்ம வீட்டுக்கு எப்போ போவோம்?' என்ற கேள்வி அது.

கேமராவில் எதைப் பார்க்கணும்?

உங்களுக்குப் பிடித்த மைதானம் எதுவாக இருந்தாலும், அது கட்டப்படுவதைப் பார்க்க ஒரு முறை இருக்கிறது.

முதலில் மண் வேலை. பள்ளம் தோண்டுவது, மேடாக்குவது, அஸ்திவாரம். மாதக்கணக்கில் ஒன்றுமே நடக்காத மாதிரி தெரியும். ஆனால், மழைத்தண்ணீர் வடிகால், குழாய்கள் எல்லாம் அப்போதுதான் பூமிக்குள் போகும்.

அடுத்து எஃகுத் தூண்கள், சாய்வான உத்திரங்கள். ரசிகர்களுக்குப் பிடித்த கட்டம் இதுதான். மளமளவென்று ஒரு பக்கமே நிமிர்ந்து நின்றுவிடும். அந்தச் சாய்வைக் கவனியுங்கள். முன்வரிசைக்காரர் தலைக்கு மேலாக உங்கள் பார்வை மைதானத்துக்குப் போகுமா என்பதைத் தீர்மானிப்பது அதுதான். சாய்வு குறைந்தால் முன்னால் இருப்பவரின் தொப்பிதான் தெரியும். அதிகமானால் படி ஏறும்போதே மூச்சு வாங்கும்.

அதன் பிறகு இருக்கைகள் அமரும் கான்கிரீட் படிகள், விளக்குக் கம்பங்கள். எல்லாம் முடிந்தது என்று நினைக்கும்போதுதான் வேலை திடீரென்று நின்ற மாதிரி இருக்கும். 'என்னப்பா, நாலு வாரமா ஒண்ணும் மாறலையே?' என்று ரசிகர்கள் பதறுவது இந்தக் கட்டத்தில்தான். பதற வேண்டாம். வீடு கட்டும்போது ரூஃப் கான்கிரீட் போட்டதும் பாதி முடிந்த மாதிரி தெரியும். வயரிங், பிளம்பிங், பூச்சு வேலைதான் இழுக்கும். இங்கேயும் அதேதான். உள்ளே நடப்பது கேமராவுக்குத் தெரியாது.

கடைசியாக இருக்கைகளின் நிறமும், புல்லும். சான் டியாகோவில் செயற்கைத் தரை போடாமல், இயற்கையான பெர்முடா புல்லையே போட்டார்கள். சாம்பல் நிறக் கான்கிரீட்டுக்கு நடுவே பச்சை வந்த அன்றைக்குத்தான் பலருக்கும் 'இது மைதானம்' என்ற நம்பிக்கையே வரும்.

கேமரா சொல்லாத விஷயம்

ஸ்டேடியம் சொன்னபடி தயாரானது. செலவு சுமார் 31 கோடி டாலர். 35,000 பேர் உட்காரலாம், பழையதில் பாதி. 'இவ்வளவு சின்னதா?' என்ற கேள்வி எழுந்தாலும், காலி நாற்காலிகளுக்கு நடுவே ஆடுவதைவிட நிறைந்த மைதானம் டீமுக்குப் பலம் என்பது இதிலுள்ள கணக்கு. பெயர்? ஸ்னாப்டிராகன் ஸ்டேடியம். ஆமாம், பல போன்களுக்குள் இருக்கும் அதே சிப்பின் பெயர். அதைத் தயாரிக்கும் குவால்காம் நிறுவனத்தின் தலைமையகம் இருப்பது சான் டியாகோவில்தான்.

2022 செப்டம்பர் 3, முதல் மேட்ச். எதிரில் அரிஸோனா டீம். ஆரம்பித்தது பகல் பன்னிரண்டரை மணிக்கு. வெயில் சுமார் 100 டிகிரி ஃபாரன்ஹீட். பெரும்பாலான இருக்கைகளுக்கு மேலே கூரை கிடையாது. இரண்டு வருஷம் காத்திருந்து சீட்டு வாங்கியவர்கள், சீட்டில் உட்கார முடியாமல் நிழல் தேடி நடைபாதைக்கு ஒதுங்கினார்கள். போதாக்குறைக்கு ஆஸ்டெக்ஸ் 38-20 என்று தோற்றும்போனது.

இதில் நமக்கும் பாடம் இருக்கிறது. கேமராவில் எத்தனை தூண் நின்றது என்று எண்ணலாம்; மதியம் ஒரு மணிக்கு எந்த வரிசையில் நிழல் விழும் என்பது அதில் தெரியாது. ஆகவே, புது மைதானத்தில் டிக்கெட் எடுக்கும்போது நான்கு விஷயங்களைப் பாருங்கள்: மேட்ச் எத்தனை மணிக்கு, சூரியன் எந்தப் பக்கம், மேலே கூரை உண்டா, தண்ணீர் எங்கே கிடைக்கும். சாயங்கால மேட்ச் என்றால் மேற்குப் பக்கம் உட்காருங்கள். வெயில் முதுகுக்குப் பின்னால் போய்விடும், கண் கூசாது.

தோல்வியோ, வெயிலோ, ரசிகர்கள் அந்த இடத்தை விட்டுவிடவில்லை. அதே செப்டம்பரில் சான் டியாகோ வேவ் மகளிர் சாக்கர் டீம் அங்கே ஆடிய முதல் மேட்ச்சுக்கு 32,000 பேர் வந்தார்கள். புது வீட்டில் முதல் மழைக்கு ஒழுகத்தான் செய்யும். அதற்காக யாரும் பழைய வாடகை வீட்டுக்குத் திரும்புவதில்லையே!