நின்றாலும் மூப்படையும் யந்திரம்

வீட்டுப் பரணில் பத்து ஆண்டுகளுக்கு முன் போட்டு வைத்த ரப்பர் வளையம் ஒன்று கிடைத்தால், அதை எடுத்து மெல்ல இழுத்துப் பாருங்கள். அது நீளாது, பட்டென்று அறுந்துவிடும். இத்தனை ஆண்டுகளில் அதை யாரும் பயன்படுத்தவில்லை. எனவே தேய்மானம் என்ற பேச்சுக்கே இடமில்லை. அப்படியிருந்தும் அது கெட்டுவிட்டதே, ஏன்?

இந்தச் சிறு கேள்வியை மனத்தில் வைத்துக் கொள்ளுங்கள். உலகின் பல நாடுகளில் பழைய ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் கார்களைத் தேடிப் பிடித்துப் புதுப்பிப்பவர்கள் நாள்தோறும் சந்திக்கும் கேள்வி இதுதான்.

1969-இல் ஜப்பானின் நிஸான் நிறுவனம் ஃபேர்லேடி இசட் என்ற காரை வெளியிட்டது. வெளிநாடுகளில் இது டாட்சன் 240 இசட் என்ற பெயரில் புகழ்பெற்றது. 1978 வரை செய்யப்பட்ட இந்த வரிசைக் கார்கள் 5 இலட்சத்துக்கும் மேல் விற்பனையாயின. இதற்கு முன்பே, 1967-இல், டொயோட்டா நிறுவனம் யமஹாவுடன் சேர்ந்து 2000 ஜி.டி. என்ற அழகிய காரைச் செய்திருந்தது. அதில் 337 கார்களே விற்பனைக்கு வந்தன. 1989-இல் நிஸானின் ஸ்கைலைன் ஜி.டி.-ஆர் ஆர் 32-உம், மாஜ்டாவின் சிறிய ரோட்ஸ்டரும் வந்தன. இன்று இவை யாவும் பழைய கார்கள். இவற்றை மீண்டும் ஓட வைக்க வேண்டுமானால் என்ன செய்ய வேண்டும்?

தேய்மானம் எளிது

முதலில் இஞ்சினைப் பார்ப்போம். 240 இசட் காரின் இஞ்சினில் ஆறு சிலிண்டர்கள். ஒவ்வொன்றின் உள்விட்டம் 83 மி.மீ.; அதனுள் பிஸ்டன் நகரும் தூரம் 73.7 மி.மீ. வட்டப் பரப்பை இந்தத் தூரத்தால் பெருக்குங்கள். ஒரு சிலிண்டருக்கு ஏறத்தாழ 399 கன செ.மீ. வரும். ஆறு சிலிண்டர்களுக்கும் சேர்த்து 2,393 கன செ.மீ. அதாவது 2.4 லிட்டர். பெயரில் உள்ள 240 என்ற எண்ணின் பொருள் இதுவே.

பல்லாயிரம் கிலோமீட்டர் ஓடியபின் சிலிண்டரின் சுவர் தேய்கிறது. தேய்மானம் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் இருப்பதில்லை. வட்டம் சற்றே நீள்வட்டமாகிவிடும். பிஸ்டன் வளையங்களுக்கும் சுவருக்கும் இடையே வாயு கசியும், இஞ்சின் வலுவிழக்கும். இதற்கு மருந்து நெடுநாளாகத் தெரிந்ததுதான். சிலிண்டரை 0.5 மி.மீ. அல்லது 1 மி.மீ. கூடுதல் விட்டத்துக்குக் கடைந்து, அதற்கேற்ற பெரிய பிஸ்டன்களைப் பொருத்துவார்கள். விட்டம் 84 மி.மீ. ஆனால் மொத்தக் கொள்ளளவு சுமார் 2,450 கன செ.மீ. ஆகும். கணக்குப் போட்டுச் சரிபார்த்துக் கொள்ளுங்கள்.

ஆகவே, ஓடித் தேய்ந்ததைச் சரிசெய்ய வழி உண்டு. ஓடாமல் நின்று கெட்டதுதான் பெருந்தொல்லை.

இடுக்கில் ஒளியும் துரு

240 இசட் காரைப் புதுப்பிக்க நினைப்பவர் முதலில் இஞ்சினைப் பார்ப்பதில்லை. காரின் அடிவயிற்றைத்தான் பார்ப்பார். தரைத்தகடு, அதன் கீழுள்ள நீளச் சட்டங்கள், பாட்டரி இருக்கும் தட்டு ஆகியவை துருவுக்கு முதலில் இரையாகும் இடங்கள்.

துருப்பிடித்தல் ஒரு மின்வேதியியல் நிகழ்ச்சி. இரண்டு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பற்றவைக்கப்பட்ட இடுக்கில் ஒரு சொட்டு நீர் தங்குகிறது என்று கொள்வோம். சொட்டின் விளிம்பில் காற்று நிறையக் கிடைக்கும். இடுக்கின் ஆழத்தில் கிடைக்காது. இந்த வேறுபாடே போதும், ஒரு சிறு மின்கலம் உருவாகிவிடும். ஆக்சிஜன் குறைந்த பகுதி நேர்மின்வாயாகி இரும்பை இழக்கிறது. எனவே கண்ணுக்குத் தெரியும் இடத்தைவிடத் தெரியாத இடத்தில்தான் அரிப்பு மிகுதி. குளிர்நாடுகளில் சாலைப் பனியை உருக்கத் தூவும் உப்பு நீரில் கரைந்து, மின்சாரம் எளிதாகப் பாய வழிசெய்கிறது. துரு விரைகிறது.

துருவின் பருமன் அது தின்ற இரும்பின் பருமனைப்போல் இரு மடங்குக்கும் மேல். ஆகவே இடுக்கில் வளரும் துரு, ஆப்பு அடித்ததுபோல் தகடுகளைப் பிளக்கும். மேலே பூசிய புதுப் பெயின்ட் இதை ஒருபோதும் தடுக்காது. துருப்பிடித்த பகுதியை நல்ல இரும்பு தெரியும்வரை வெட்டியெடுத்துவிட்டுப் புதுத் தகட்டைப் பற்றவைப்பது ஒன்றே வழி.

ரப்பரும் பிரேக் திரவமும்

இப்போது நம் ரப்பர் வளையத்துக்கு வருவோம். ரப்பர் என்பது நீண்ட சங்கிலி மூலக்கூறுகளின் சிக்கல். ஆங்காங்கே குறுக்குப் பிணைப்புகள் இருப்பதால் இழுத்தால் நீண்டு, விட்டால் பழைய நிலைக்குத் திரும்புகிறது. காற்றிலுள்ள ஆக்சிஜன் சில சங்கிலிகளை அறுக்கிறது. வேறு இடங்களில் தேவைக்கு மேல் குறுக்குப் பிணைப்புகளை உண்டாக்குகிறது. காற்றில் மிகச் சிறிதளவே உள்ள ஓசோன், இழுபட்டு நிற்கும் ரப்பரில் வெடிப்புகளைக் கிளப்புகிறது. இவற்றுக்குக் கார் ஓட வேண்டும் என்ற அவசியம் இல்லை. காலம் கழிந்தாலே போதும்.

மெக்கானிக்குகள் 'பிரேக் ஆயில்' என்று சொல்லும் திரவமும் இப்படித்தான். பெயர் ஆயில் என்றாலும் பெரும்பாலான கார்களில் இருப்பது எண்ணெய் வகையைச் சேர்ந்ததன்று. அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 என்னும் வகையின் கொதிநிலை, புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது விதி. 3.7 விழுக்காடு நீர் சேர்ந்த நிலைக்கு அந்த விதி கேட்பது 140 டிகிரி மட்டுமே. மலைச்சரிவில் தொடர்ந்து பிரேக் போடும்போது சக்கரத்தருகே வெப்பம் இதைத் தாண்டலாம். அப்போது திரவம் கொதித்து ஆவிக்குமிழ்கள் தோன்றும். திரவத்தை அமுக்க முடியாது. ஆவியை எளிதில் அமுக்கலாம். ஓட்டுநர் மிதிக்கும் அழுத்தம் குமிழ்களை நசுக்குவதிலேயே போய்விடும், கார் நிற்காது.

1980-களின் பிற்பகுதியில் வந்த கார்களில் இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொண்டது. அவற்றின் இஞ்சினை ஆள்வது ஒரு மின்னணுப் பெட்டி. அதிலுள்ள சில மின்தேக்கிகளுக்குள் திரவ மின்பகுளி உண்டு. அது ஆண்டுக்கணக்கில் மெல்ல உலரும். அல்லது கசிந்து, பலகையிலுள்ள செம்புத் தடங்களை அரிக்கும். சில ரூபாய் பெறுமான மின்தேக்கி கெட்டு, பெரிய இஞ்சின் ஒன்று முடங்கிக் கிடப்பதுண்டு.

உதிரி உறுப்புகள் கிடைக்கும் மூன்று வழிகள்

கெட்ட உறுப்புக்கு மாற்று எங்கே கிடைக்கும்? முதல் வழி, அந்தக் காலத்திலேயே செய்யப்பட்டு, விற்காமல் கிடங்கில் தங்கிவிட்ட சரக்கு. பெட்டி பிரிக்காமல் இருக்கும். நிறுவனத்தின் முத்திரையும் இருக்கும். பல்சக்கரம், கைப்பிடி, விளக்கின் கண்ணாடி போன்றவற்றுக்கு இது மிக நல்லது. ஆனால் அதே அலமாரியிலுள்ள பிரேக் ரப்பர் குழாயை நம்பி வாங்கலாமா? பரணில் கிடந்த ரப்பர் வளையத்தை நினைத்துப் பாருங்கள்.

இரண்டாவது வழி, ஓட்டம் முடிந்து கழிக்கப்பட்ட கார்களிலிருந்து கழற்றுவது. இங்கே ஒரு சூட்சுமம் உண்டு. ஸ்போர்ட்ஸ் காரின் எல்லா உறுப்புகளும் அதற்கென்றே தனியாகச் செய்யப்பட்டவை அல்ல. 240 இசட் காரின் இஞ்சின் 'எல்' என்னும் வரிசையைச் சேர்ந்தது. அதே வரிசை இஞ்சின்கள் ஸ்கைலைன், லாரல், செட்ரிக் முதலிய சாதாரணக் குடும்பக் கார்களிலும் இருந்தன. 2000 ஜி.டி.யின் இஞ்சினுக்கும் அடிப்படை டொயோட்டா கிரவுன் காரின் இஞ்சின்தான். நிஸானும் டொயோட்டாவும் உறுப்புகளுக்கு இடும் எண்களில் பொதுவாக ஐந்தும் ஐந்துமாகப் பத்து இடங்கள் இருக்கும். முதல் ஐந்து, உறுப்பின் வகை. பின்வரும் ஐந்து, எந்தக் காருக்கான வடிவம் என்பது. இந்த எண்ணைப் படிக்கத் தெரிந்தவர், மூலையில் கிடக்கும் குடும்பக் காரிலும் தமக்கு வேண்டியதைக் கண்டெடுத்துவிடுவார்.

ஆனால் பழைய உறுப்பில் உலோகக் களைப்பு ஒளிந்திருக்கலாம். கோடிக்கணக்கான முறை இழுபட்டும் அமுக்கப்பட்டும் உழைத்த தண்டில், கண்ணுக்குத் தெரியாத விரிசல் தொடங்கியிருக்கும். அதன்மேல் ஒரு சாயத் திரவத்தைத் தடவித் துடைத்துவிடுவார்கள். நுண்புழைக் கவர்ச்சியால் விரிசலுக்குள் புகுந்த சாயம், மேலே தூவும் வெள்ளைப் பொடியில் கோடாக ஊறி வெளிவந்து விரிசலைக் காட்டிக் கொடுக்கும்.

மூன்றாவது வழி, புதிதாகச் செய்வது. இதுதான் எல்லாவற்றிலும் சுவையானது, கடினமானதும் இதுவே.

வடிவம் தெரியும், குணம் தெரியுமா?

"பழைய உறுப்பு கையில் இருக்கிறதே, அதையே அச்சாக வைத்து மணலில் வார்த்தால் என்ன?" என்று வகுப்பில் ஒரு மாணவர் கேட்டார். நல்ல கேள்வி. உருகிய அலுமினியம் உறைந்து குளிரும்போது சுருங்கும். அச்சு செய்பவர்கள் இதற்கென நீளத்தில் ஏறத்தாழ 1.3 விழுக்காடு கூட்டிக் கொள்வது வழக்கம். கூட்டாமல் பழைய உறுப்பையே அச்சாக்கினால், 300 மி.மீ. நீள உறுப்பு சுமார் 296 மி.மீ. ஆகிவிடும், போல்ட் துளைகள் ஒன்றும் பொருந்தா. அதோடு, பழைய உறுப்பு தேய்ந்தது. அதை அளந்தால் கிடைப்பது தேய்ந்த அளவு. பொறியாளர் வரைபடத்தில் எழுதிய அளவு அன்று.

இன்று ஒளிக்கதிரால் வருடி முப்பரிமாண வடிவைக் கணிப்பொறியில் ஏற்றும் கருவிகள் வந்துவிட்டன. அவையும் வடிவத்தை மட்டுமே சொல்லும். ஒரு பல்சக்கரத்தின் மேற்பரப்பை மட்டும் கடினமாக்கி, உள்ளே இளகலாக விட்டிருப்பார்கள். மேற்பரப்பு தேயாமலிருக்கவும், உள்பகுதி உடையாமலிருக்கவும் இந்த ஏற்பாடு. எந்தக் கலவை எஃகு, எவ்வளவு வெப்பம், எத்தனை ஆழம் என்ற செய்திகளை வெளித்தோற்றம் சொல்லாது. அச்சு அசலாகத் தோன்றும் போலி உறுப்பு சில நாட்களில் முறிவதற்குக் காரணம் இதுவே.

சிறு திருகிலும் இந்தப் பாடம் உண்டு. ஜப்பானியத் தர அளவின்படி செய்த குறுக்குவெட்டுத் திருகு, பார்வைக்கு பிலிப்ஸ் திருகு போலவே இருக்கும். ஆனால் பள்ளத்தின் வடிவம் சற்றே வேறு. பிலிப்ஸ் திருப்புளியைப் போட்டு முறுக்கினால் அது எழும்பி நழுவித் திருகின் தலையைச் சிதைத்துவிடும். பல ஜப்பானியத் திருகுகளின் தலையில் ஒரு சிறு புள்ளி இருக்கும், அதுவே அடையாளம். அந்தப் புள்ளியைக் கவனியாமல் கெடுத்த கார்புரேட்டர்கள் ஏராளம்.

திரும்பி வந்த நிறுவனங்கள்

ஓர் உறுப்பைச் செய்யும் அச்சுக்கு 10 இலட்சம் ரூபாய் ஆகிறது என்று வைத்துக் கொள்வோம். ஒரு இலட்சம் உறுப்புகள் செய்தால் ஒன்றின் மீது விழும் அச்சுச் செலவு 10 ரூபாய். நூறு மட்டும் செய்தால் 10,000 ரூபாய். பழைய கார்களின் உறுப்புகளை நிறுவனங்கள் ஏன் கைவிடுகின்றன என்பது இந்தக் கணக்கிலேயே விளங்கும்.

அப்படியிருந்தும் சில நிறுவனங்கள் திரும்பி வந்தன. ரோட்ஸ்டரைப் புதுப்பிக்கும் பணியை மாஜ்டா 2017-இல் அறிவித்தது. அந்தக் காருக்காக அதன் பழைய அளவிலேயே டயரும் மீண்டும் செய்யப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில் நிஸான், ஆர் 32 காரின் உறுப்புகளை மீண்டும் விற்கத் தொடங்கியது. டொயோட்டா 2020-இல், 2000 ஜி.டி.யின் கியர்ப்பெட்டி உறுப்புகளை மறுபடி செய்தது. அச்சே இல்லாமல், தகட்டின் இரு பக்கமும் இரண்டு யந்திரக் கைகள் நின்று, முனைகளால் சிறிது சிறிதாக அழுத்தி வடிவம் கொடுக்கும் முறை ஒன்றை 2019-இல் நிஸான் வெளியிட்டது. பழைய கார்களுக்கான தகடுகளைச் சிறு எண்ணிக்கையில் செய்வதும் அதன் நோக்கங்களில் ஒன்று.

இந்த முயற்சிகள் கைகூடக் காரணம், எங்கோ ஓர் அலமாரியில் வரைபடங்களும், அளவுகளும், செய்முறைக் குறிப்புகளும் காப்பாற்றப்பட்டிருந்ததுதான். இரும்பு துருப்பிடித்தால் புது இரும்பு வாங்கலாம். செய்தி தொலைந்தால் எந்தக் கடையிலும் கிடைக்காது. ஆய்வுக்கூடத்தில் நீங்கள் எடுக்கும் அளவுகளைத் தேதியிட்டுக் குறிப்பேட்டில் எழுதச் சொல்லி ஆசிரியர்கள் ஏன் வற்புறுத்துகிறோம் என்பது இப்போது புரிகிறதா?

கடைசியாக ஒரு சிறு சோதனை. உங்கள் வீட்டு ஸ்கூட்டர் அல்லது கார் டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் ஒன்றைத் தேடுங்கள். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்தது என்று பொருள். பட்டை தேயாமல் புதிதுபோல் இருக்கலாம். அதை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பக்கச் சுவரை விரலால் சற்று அழுத்தி, மெல்லிய வெடிப்புகள் தெரிகின்றனவா என்று பாருங்கள். தெரிந்தால், வண்டியில் ஏறிச் செல்லும் உங்கள் தந்தையிடமோ அண்ணனிடமோ இன்றே சொல்லுங்கள்.