ஆவணப்படங்களில் மக்கள் நினைவு: பனித்திட்டுக் கடற்கரையை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

எழுத்துச் சான்று அரிதாகக் கிடைக்கும் மக்களின் இசை, உழைப்பு, துயர் ஆகியவற்றை ஆவணப்படம் எவ்வாறு வரலாற்றுச் சான்றாக மாற்றுகிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. அதன் அடிப்படையில், புதுச்சேரியின் பாகூர்க் கொம்யூனைச் சார்ந்த பனித்திட்டு போன்ற மீனவ ஊர்களுக்கு ஏற்ற பதிவு முறையையும் சுட்டுகிறது.

திறவுச்சொற்கள்: ஆவணப்படம், வாய்மொழி வரலாறு, அம்பாப் பாடல், பறை, ஆழிப்பேரலை, பனித்திட்டு.

முன்னுரை

ஆவணம் என்னும் சொல் தமிழில் உரிமையை நிலைநாட்டும் எழுத்துச் சான்றைக் குறித்து வந்தது. பல்லவ மன்னன் நிருபதுங்கன் காலத்துப் பாகூர்ச் செப்பேடு, அவ்வூர்க் கல்விச்சாலைக்கு 3 ஊர்கள் கொடையாக அளிக்கப்பட்டதைக் கூறுகிறது. பாகூரின் கல்விச் சிறப்பை இன்று அறிய முடிவதற்கு அச்செப்பேடே காரணம். அதே வட்டாரத்தின் கடலோரத்தில் வாழ்ந்த வலைஞர்களுக்கு அத்தகைய கொடையும் இல்லை, செப்பேடும் இல்லை. அவர்களுடைய அறிவு காற்றின் பெயர்களிலும், வலை இழுக்கும் பாட்டிலும், முதியோர் நினைவிலும் தங்கியுள்ளது. இவற்றை ஆவணமாக்கும் கருவிகளுள் ஆவணப்படம் முதன்மையானது.

இழப்பில் தொடங்கும் வரலாறு

தமிழ் ஆவணப்பட வரலாறு ஏ. கே. செட்டியாரிடமிருந்து தொடங்குவதாகக் கொள்வது மரபு. உலக நாடுகள் பலவற்றுக்கும் சென்று படச்சுருள்களைத் திரட்டி, காந்தியடிகளைப் பற்றிய படத்தை அவர் 1940இல் வெளியிட்டார். அப்படத்தைப் பிற்காலத்தில் தேடிய ஆய்வாளர்களுக்குக் கிடைத்தது, 1953இல் அமெரிக்காவில் உருவான ஆங்கில வடிவமே. பதிவு செய்வதற்குக் காட்டிய முயற்சி, பதிவைப் பேணுவதற்கும் தேவை என்பதை இந்நிகழ்வு உணர்த்துகிறது.

இசையும் இசைப்போரும்

இசையைப் பதிவு செய்யும் படம் ஒலியை மட்டும் பதிவு செய்வதில்லை. அவ்வொலிக்குப் பின்னுள்ள சமூக உறவுகளையும் அது காட்டியாக வேண்டும். இசையியல் ஆய்வாளர் ஜோயி ஷெரினியன் 2011இல் உருவாக்கிய ‘திஸ் இஸ் எ மியூசிக்’ என்னும் படம் முனைவென்றி ஊர்ப் பறையிசைக் கலைஞர்களைப் பற்றியது. சாவு வீட்டுக் கடமையாகவும் தீண்டாமையின் அடையாளமாகவும் சுமத்தப்பட்ட ஒரு கருவி, கலையாகவும் தன்மதிப்பின் குரலாகவும் மீட்கப்படுவதே அதன் பொருள். தாளக்கட்டுகளை எழுத்தில் குறித்துவிடலாம். அடிக்கும் கலைஞரின் நிமிர்வை எழுத்தில் குறிப்பது அரிது.

அம்ஷன் குமாரின் ‘யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி’ படம் வேறொரு சிக்கலை எதிர்கொள்கிறது. தவில் மேதை தெட்சணாமூர்த்தி 1975இல் மறைந்தார். படம் வெளிவந்தது 2015இல். இடைப்பட்ட 40 ஆண்டுகளில் ஈழத்தில் போர் நிகழ்ந்தது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகமும் எரிக்கப்பட்டது. ஆகவே எஞ்சிய ஒலிப்பதிவுகளையும் அவரை அறிந்தோரின் நினைவுகளையும் கொண்டே அவரது கலையாளுமை மீட்டுருவாக்கப்பட்டது. கலை, பண்பாட்டுப் பிரிவில் இப்படம் தேசிய விருது பெற்றது.

காட்சி இல்லாத இடத்தில் வாய்மொழி

1942, 1943ஆம் ஆண்டுகளில் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே ஜப்பானியப் படையினர் சுமார் 415 கி.மீ. நீள இரயில்பாதையை அமைத்தனர். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர்கள் அங்குப் பெருந்தொகையில் மாண்டனர். 1957இல் வெளிவந்த ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்’ திரைப்படம் மேலைநாட்டுப் போர்க் கைதிகளின் துயரை உலகறியச் செய்தது; ஆசியத் தொழிலாளர் அதில் மையம் பெறவில்லை. குறிஞ்சி வேந்தன் இயக்கிய, சயாம் – பர்மா மரண இரயில்பாதை பற்றிய தமிழ் ஆவணப்படம் அவ்விடைவெளியை உயிர்பிழைத்தோர் கூற்றுகளால் நிரப்ப முயன்றது.

பழைய காட்சிப்பதிவுகளை விலக்கி, சாட்சிகளின் சொற்களை மட்டும் சார்ந்து 9 மணி நேரத்துக்கும் மேலாக ஓடும் கிளாட் லான்ஸ்மனின் ‘ஷோவா’ (1985) இம்முறைக்கு உலக அளவில் முன்னோடியாகும். ஆயினும் ஒரு வேறுபாடு கருதத்தக்கது. லான்ஸ்மன் காட்சிப்பதிவுகளை வேண்டுமென்றே விலக்கினார். தோட்டத் தமிழர்க்கோ விலக்குவதற்கும் போதிய பதிவுகள் இல்லை.

பனித்திட்டு: பதிவுக்குரிய களம்

2004 டிசம்பர் 26 அன்று எழுந்த ஆழிப்பேரலை புதுச்சேரிக் கடலோர ஊர்களைத் தாக்கியது. ஆர். வி. ரமணியின் ‘மை கேமரா அண்ட் சுனாமி’ (2011), அப்பேரலையில் அழிந்த தம் படக்கருவியின் நினைவாக அமைந்தது. பதிவு செய்யும் கருவியே அழியக்கூடியது என்பதை அப்படம் முன்வைக்கிறது.

பேரலைக்குப் பிந்தைய ஆண்டுகளில் சோழமண்டலக் கரையில் கட்டுமரங்களின் இடத்தைப் பொறி பொருத்திய கண்ணாடியிழைப் படகுகள் பெருமளவு பிடித்துக்கொண்டன. இம்மாற்றம் இசையையும் தொட்டது. அம்பாப் பாடல் துடுப்பு வலிக்கும் கைகளையும் கரைவலை இழுக்கும் கால்களையும் ஒரே அசைவில் இணைப்பதற்காகப் பிறந்தது. பொறி அவ்வுழைப்பை ஏற்றபோது பாடல் தன் பயன்பாட்டை இழந்தது. எனவே பாடலை அமர்ந்த நிலையில் பாடச்செய்து ஒலிப்பதிவு செய்வது பாதிப் பதிவே. கயிற்றின் இழுப்பும் மூச்சின் இடைவெளியும் சேர்ந்த முழுமையைப் படமே காட்டவல்லது. வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்னும் காற்றுப் பெயர்களும், அவை வீசும் கடலைப் பார்த்தபடி சொல்லப்படும்போதே முழுப்பொருள் பெறும்.

பேரலையின்போது 45 வயதில் கடலுக்குச் சென்றுகொண்டிருந்தவர் இன்று 65 வயதைக் கடந்தவர். பதிவுக்குரிய காலம் சுருங்கி வருகிறது என்பதற்கு இக்கணக்கே போதிய சான்று.

பதிவு நெறிகள்

மேற்கண்ட படங்களிலிருந்து மூன்று நெறிகளைப் பெறலாம். முதலாவது, பின்னணி விளக்கவுரையைக் குறைத்து, மக்கள் தம் வட்டார வழக்கிலேயே பேச இடமளித்தல். இரண்டாவது, தொகுத்த படத்தோடு தொகுக்கப்படாத முழுப் பதிவையும் எழுத்துப்பெயர்ப்புடன் பேணுதல். ஒரு படத்துக்கு வேண்டாத பகுதி பிறிதோர் ஆய்வுக்கு மூலமாகலாம். மூன்றாவது, படியொன்றை ஊர்ப் பஞ்சாயத்திடம் ஒப்படைத்தல். துயரைக் கூறியவர்க்கே அவர் கூற்று எட்டாமற்போவது அறமாகாது. துயரை மீண்டும் கூறச்செய்வது காயத்தைக் கிளறக்கூடும் ஆதலால், பேச மறுக்கும் உரிமையும் அவர்க்கு உண்டு.

முடிவுரை

பறையும் தவிலும் மரண இரயில்பாதையும் வெவ்வேறு களங்களாயினும், உரியவர் மறையும் முன்னர்ப் பதிவு நிகழ வேண்டும் என்னும் உண்மையில் ஒன்றுபடுகின்றன. புதுச்சேரி வட்டாரத்துக் கல்லூரித் தமிழ்த்துறைகளும் காட்சித் தொடர்பியல் துறைகளும் இணைந்து, பனித்திட்டிலும் அதை அடுத்த மீனவ ஊர்களிலும் இப்பணியை ஆய்வேட்டுத் திட்டங்களாக மேற்கொள்ள இயலும். பாகூரின் கல்விச்சாலைக்குச் செப்பேடு ஆற்றிய பணியைக் கடலோர மக்களுக்கு ஆவணப்படம் ஆற்றக்கூடும்.