உறைபனிக் காலத்துக் கொழுந்து

நீலகிரியில் டிசம்பர், ஜனவரி இரவுகளில் உறைபனி கொட்டும். விடிந்தால் புல்வெளி உப்புத் தூவியதுபோல் வெளுத்துக் கிடக்கும். பனி கடுமையானால் தேயிலைச் செடியே கருகிப்போகும். ஆனால், தப்பிப் பிழைத்த கொழுந்தின் மணமே தனி. குளிரில் மெதுவாக வளர்வதால் வாசனை அதில் செறிந்துவிடுகிறது.

இதுதான் 'ஃப்ராஸ்ட் டீ'.

டீக்கடையில் கொதிப்பது பெரும்பாலும் சி.டி.சி. தூள். நசுக்கி, கிழித்து, சுருட்டும் இந்த முறை 1930களில் அசாமில் பிறந்தது. பாலுக்கும் சர்க்கரைக்கும் ஈடுகொடுக்கும் சாயம் அதில் இறங்கும். ஃப்ராஸ்ட் டீ போன்ற இலைத் தேயிலையின் சுவையோ வேறு. கண்ணாடிக் குவளையில் ஒரு தேக்கரண்டி போட்டு வெந்நீர் ஊற்றினால், சுருண்டு கிடந்தது மெல்ல அவிழ்ந்து, காம்பும் நரம்பும் தெரிய இலையாக விரியும். பார்த்துக்கொண்டே இருக்கலாம், அவ்வளவு அழகு! மூன்று நிமிடம் போதும். அதற்குமேல் கசப்பு ஏறும். பால் வேண்டாம், மணத்தை அது மூடிவிடும்.

வடித்த இலையை உடனே கொட்டிவிட வேண்டாம். மறுபடி வெந்நீர் ஊற்றினால் இன்னொரு குவளை கிடைக்கும். சாயம் இளசாக இருக்கும், மணம் அப்போதும் எழும்.

பிடித்த தேயிலையைத் தேடுகிறவர்கள் குன்னூர், கோத்தகிரிப் பக்கம் போனால், வாங்குமுன் ஒரு பிடி இலையை உள்ளங்கையில் வைத்து முகர்ந்து பார்க்கலாம்.