‘1’ அழுத்தினால் டெபாசிட்... ‘ஏ’ அழுத்தினால்? - ஒரு லேப் புரோகிராமோடு விடிய விடிய!

“அக்கா, என் புரோகிராம் நிக்கவே மாட்டேங்குது. ஸ்கிரீன் பூரா மெனு ஓடிக்கிட்டே இருக்கு. நாளன்னிக்கு பிராக்டிக்கல்!”

இரவு 10 மணிக்கு சித்தி மகளிடமிருந்து போன். இன்ஜினீயரிங் முதலாம் ஆண்டு படிக்கிறாள். நான் படித்ததோ ஜர்னலிசம் டிப்ளோமா. எனக்குத் தெரிந்த ஒரே ‘சி’, எலுமிச்சையில் இருக்கும் வைட்டமின்தான். நல்லவேளையாக எங்கள் மாடி வீட்டு அண்ணன், 12 வருடங்களாக ‘சி’ மொழியில் வேலை பார்ப்பவர். “பேரைப் போட்டு எழுதிடாதம்மா, ஆபீஸ்ல கலாய்ப்பாங்க” என்ற நிபந்தனையோடு வந்து உட்கார்ந்தார். தங்கை வாட்ஸ்அப்பில் புரோகிராமை அனுப்பிவிட்டு வீடியோ காலில் காத்திருந்தாள்.

வீட்டில் இன்ஜினீயரிங் பிள்ளைகள் இருந்தால், ரெக்கார்டு நோட்டில் ‘மெனு டிரிவன் புரோகிராம்’ என்ற தலைப்பைப் பார்த்திருப்பீர்கள். கறுப்புத் திரை. மவுஸுக்கு வேலையில்லை. ‘1. டெபாசிட், 2. பணம் எடுக்க, 3. இருப்பு, 4. வெளியேற’ என்று வரும். எண்ணைத் தட்டி என்டர் அழுத்தினால் அந்த வேலை நடக்கும், பிறகு மெனு திரும்ப வரும். கஸ்டமர் கேரில் ‘தமிழுக்கு எண் 1-ஐ அழுத்தவும்’ என்கிறார்களே, கிட்டத்தட்ட அதேதான்.

அண்ணன் 1-ஐ அழுத்தி 500 ரூபாய் போட்டார். இருப்பு 500. சரி. அடுத்து, எண் கேட்ட இடத்தில் ‘ஏ’ என்ற ஆங்கில எழுத்தை அழுத்தினார். அவ்வளவுதான்... திரை மடைதிறந்த மாதிரி ஓட ஆரம்பித்தது. கூடவே இன்னொரு கூத்து. இருப்பு 1,000, 1,500, 2,000 என்று தானாக ஏறிக்கொண்டே போனது!

“இப்படி ஒரு பேங்க் இருந்தா நல்லா இருக்கும்ல?” என்று சிரித்தபடியே கன்ட்ரோல் சி அழுத்தி நிறுத்தினார்.

ஏன் இப்படி? டோக்கன் எண் மட்டுமே வாங்கும் கவுன்ட்டர் ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். எண் கேட்டு வாங்கும் ‘ஸ்கேன்எஃப்’ என்ற கட்டளைதான் அங்கே உட்கார்ந்திருக்கும் ஊழியர். வரிசையின் முதல் ஆளாக ‘ஏ’ வந்து நிற்கிறது. ஊழியர் அதை வாங்குவதும் இல்லை, விலகிப் போகச் சொல்வதும் இல்லை. ‘எனக்கு எண் கிடைக்கவில்லை’ என்று மட்டும் உள்ளே தகவல் கொடுக்கிறார். அந்தத் தகவலை புரோகிராம் காதில் வாங்கவில்லை. போன முறை வந்த 1-ஐயே இப்போதும் வந்ததாக எடுத்துக்கொண்டு டெபாசிட்டுக்குப் போகிறது. அங்கே தொகை கேட்டாலும் அதே ‘ஏ’தான் நிற்கிறது. பழைய 500-ஐயே மறுபடி கூட்டிவிட்டு மெனுவுக்கு வருகிறது. ‘ஏ’ இன்னும் நகரவில்லை. ஆயுசுக்கும் நகராது.

“ஸ்கேன்எஃப் எத்தனை மதிப்பை வெற்றிகரமா வாங்குச்சுன்னு ஒவ்வொரு தடவையும் ஓர் எண்ணைத் திருப்பித் தரும். அதை நீ எங்கயாவது பார்த்தியாம்மா?” என்றார் அண்ணன்.

எதிர்முனையில் மௌனம். “அவுட்புட் வந்தா மேம் சைன் போட்டுடுவாங்கண்ணா. தப்பா டைப் பண்ணினா என்ன ஆகும்னு யாருமே கேட்டதில்லையே...” அழுகை வந்துவிடும் போல இருந்தது.

ஸ்டாண்டர்டு இன்புட்டை ‘எஃப்ஃப்ளஷ்’ செய்தால் போதும் என்று தோழி சொன்னாளாம். கல்லூரி லேபில் இருக்கும் பழைய டர்போ சி-யில் அது வேலை செய்யும். ஆனால் சி மொழியின் விதிகளில் அதற்கு உத்தரவாதம் கிடையாது. வேறு கம்ப்யூட்டரில் கைவிட்டுவிடலாம். அண்ணன் சொன்ன வழி வேறு. பயனர் தட்டிய வரி முழுவதையும் ‘எஃப்கெட்ஸ்’ மூலம் முதலில் வாங்கிக்கொள்வது, அது எண்தானா என்று ‘எஸ்டிஆர்டுஎல்’ மூலம் சோதிப்பது, இல்லையென்றால் ‘எண்ணை மட்டும் தரவும்’ என்று திரும்பக் கேட்பது. இந்த வேலையைத் தனி ஃபங்ஷனாக எழுதி, எண் கேட்கும் எல்லா இடத்திலும் அதையே கூப்பிட வேண்டும்.

பிரச்னை முடிந்தது என்று நான் கொட்டாவி விட்டேன். அவர் விடவில்லை. பணம் எடுக்கும் இடத்தில் மைனஸ் 500 என்று தட்டினார். ‘தொகை இருப்பைவிட அதிகமா?’ என்று மட்டும்தான் தங்கை சோதித்திருந்தாள். மைனஸ் 500 எந்த இருப்பைவிடவும் குறைவுதானே! கதவு திறந்துவிட்டது. கழித்தலில் கழித்தல் கூட்டலாகி, பணம் எடுத்தவரின் கணக்கில் 500 ரூபாய் ஏறியது. ஓட்டம் நிற்காத தவறையாவது கண்ணால் பார்த்துவிடலாம். சத்தமே இல்லாத இந்தத் தவறுதான் எனக்கு அதிகம் பயமாக இருந்தது.

“லேப்ல டர்போ சி-ன்னு சொன்னல்ல? அப்போ இதையும் பாரு.” அதில் சாதாரண முழு எண் 16 பிட் மட்டுமே, 32,767-க்கு மேல் தாங்காது. 30,000 இருப்பில் 10,000 போட்டால் 40,000 வராது, மைனஸ் 25,536 என்று காட்டும். வீட்டு லேப்டாப்பில் ஒழுங்காக ஓடுவது பரீட்சை ஹாலில் கடன்காரராக்கிவிடும்! ‘லாங்’ என்று மாற்றச் சொன்னார்.

வாடிக்கையாளர் பெயரை வாங்க ‘கெட்ஸ்’ என்ற கட்டளை இருந்தது. அதைப் பார்த்ததும்தான் அண்ணன் முகம் மாறியது. 20 எழுத்துக்கு இடம் ஒதுக்கியிருந்தாலும், 200 எழுத்து வந்தால் அத்தனையையும் வாங்கி, பக்கத்தில் இருக்கும் நினைவகத்தின் மேலேயே எழுதிவிடும் கட்டளை அது. 1988 நவம்பர் 2-ம் தேதி, ராபர்ட் மோரிஸ் என்ற அமெரிக்க மாணவர் இணையத்தில் விட்ட ‘புழு’ புரோகிராம், கம்ப்யூட்டர்களுக்குள் நுழையப் பயன்படுத்திய வழிகளில் ஒன்று இதுதான். 512 எழுத்துக்கான இடத்தில் 536-ஐத் திணித்தது. சுமார் 6,000 கம்ப்யூட்டர்கள் பாதிக்கப்பட்டதாக அப்போது கணக்கிட்டார்கள். 2011-ல் வந்த சி மொழியின் புதிய விதிகளில் கெட்ஸுக்கு இடமே இல்லை. நம் லேப்களில் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை.

மற்றவை சில்லறைத் திருத்தங்கள். ‘தொடரவா?’ என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் தாண்டிப்போனதற்குக் காரணம், முன்பு அழுத்திய என்டர் வரிசையில் மிச்சம் இருந்தது. மெனுவுக்குத் திரும்ப ‘மெயின்’ தன்னைத்தானே கூப்பிட்டுக்கொண்டிருந்தது. அதை லூப்பாக மாற்றினார்கள். ஸ்விட்சில் ஒரு ‘பிரேக்’ விட்டுப்போயிருந்தது. சின்ன விஷயம் என்று நினைக்க வேண்டாம். 1990 ஜனவரி 15-ல் அமெரிக்காவின் ஏடி அண்ட் டி தொலைதூர போன் சேவை 9 மணி நேரம் முடங்கியதற்கு, இடம் தவறி நின்ற ஒரு பிரேக்தான் காரணம்.

இந்த இரண்டரை மணி நேரத்தில் ஒன்றைக் கவனித்தேன். ‘இது தப்பு’ என்று அண்ணன் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. “இங்க ஒண்ணுமே தட்டாம என்டர் அழுத்தினா?”, “7-ன்னு போட்டா?” என்று கேள்வி மட்டும்தான். பதில் தங்கையே கண்டுபிடித்தாள். “எழுதினவங்களுக்கு எங்க எதைத் தட்டணும்னு தெரியும், அதனால சரியாவே தட்டுவாங்க. அதுக்குத்தான் இன்னொருத்தர் பார்க்கணும்” என்றார். ஒருவர் எழுதியதை மற்றவர்கள் உட்கார்ந்து வரி வரியாகப் படிக்கும் முறையை, ஐபிஎம்-மில் இருந்த மைக்கேல் ஃபேகன் 1976-லேயே கட்டுரையாக எழுதியிருக்கிறாராம். எங்கள் டெஸ்க்கில் சப் எடிட்டர் செய்வதும் இதைத்தான். ஆனால், அவர் இவ்வளவு பொறுமையாகக் கேட்கமாட்டார்.

மணி 12.40-க்கு ‘ஏ’ அழுத்தியபோது, ‘எண்ணை மட்டும் தரவும்’ என்று திரை அமைதியாக நின்றது. தங்கை கத்திய கத்தலில் சித்தி எழுந்து வந்துவிட்டார்.

பிராக்டிக்கல் முடிந்ததும் போன் செய்தாள். வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர் 1-ஐ அழுத்தி 100 ரூபாய் போட்டாராம். 3-ஐ அழுத்தி இருப்பைப் பார்த்தாராம். 4-ஐ அழுத்தி வெளியேறி, மார்க் போட்டுவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டாராம்.

“ஏ அழுத்தவே இல்லக்கா!” என்றாள் கடுப்பாக. “எல்லாம் முடிஞ்சதும் நானே பக்கத்து சிஸ்டத்துல, ஃப்ரெண்டோட புரோகிராம்ல அழுத்திப் பார்த்தேன்.”

“என்ன ஆச்சு?”

“ஓடிக்கிட்டே இருந்துச்சு. இன்னிக்கு நைட் அவளோடதை நான் பார்க்கப்போறேன்.”