மலை மங்கும் நாளில் எதைச் சுவாசிக்கிறோம்?

நாகமலை புதுக்கோட்டையில் குடியிருப்பவர்களுக்குக் காற்றின் நிலையைச் சொல்ல வாசலிலேயே ஒரு சாட்சி உண்டு. அந்த நீண்ட மலைதான் அது. மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலையில் பாறையின் வெடிப்பும் சரிவில் நிற்கும் புதரும் தனித்தனியாகத் தெரியும். வறண்ட மாதங்களில் சில நாட்கள் அதே மலை வெறும் சாம்பல் நிற விளிம்பாகிவிடும். மொட்டை மாடியில் ஏறி நின்றால் திருப்பரங்குன்றம் இருக்கும் திசையில் குன்றே தெரியாது. வானத்தில் மேகம் இருக்காது. ஆனாலும் வெயில் வெளுத்துப்போய்க் கிடக்கும்.

இப்படிப்பட்ட நாட்களில் பலரும் கைப்பேசியை எடுத்துக் காற்றுத் தரக் குறியீட்டைப் பார்க்கிறார்கள். அதில் பச்சை நிறம் தெரிந்தால் நிம்மதியாக நடைப்பயிற்சிக்குக் கிளம்பிவிடுகிறார்கள். அந்த எண் எங்கிருந்து வருகிறது, எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்று தெரிந்துகொள்வது ஆஸ்துமா உள்ள பிள்ளையை வைத்திருக்கும் வீட்டுக்கு மிக அவசியம்.

ஒளியை மறிக்கும் துகளே நெஞ்சுக்குள்ளும் இறங்குகிறது

தேனி சாலையில் மணல் லாரி ஒன்று கடந்துபோனால் எழும் புழுதியைப் பார்த்து முகம் சுளிக்கிறோம். அந்தப் புழுதி பெரும்பாலும் பருமனானது. மூக்கு மயிரிலும் தொண்டைச் சளியிலும் சிக்கிக்கொள்ளும். தும்மல், இருமல், கண் உறுத்தல் என்று உடனே தொல்லை தரும், ஆனால் சில நிமிடங்களில் தரையில் படிந்தும்விடும்.

தூரத்து மலையை மங்கச் செய்வது வேறு துகள். நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் 0.4 முதல் 0.7 மைக்ரோமீட்டர் வரை. துகளின் அளவு இதற்கு நெருங்கி வரும்போது ஒளியை மிக வலுவாகச் சிதறடிக்கிறது. விறகுப் புகை, டீசல் புகை, குப்பை எரிக்கும் புகை, வாயுக்கள் காற்றில் வினைபுரிந்து உருவாகும் சல்பேட் எல்லாம் ஏறத்தாழ இந்த அளவில்தான் மிதக்கின்றன. ஒரு தலைமுடியின் தடிமன் சுமார் 50 முதல் 70 மைக்ரோமீட்டர் என்பதை நினைத்துப் பார்த்தால் இவற்றின் நுண்மை புரியும். பி.எம். 2.5 என்று சொல்லப்படும், 2.5 மைக்ரோமீட்டருக்கு மேற்படாத நுண்துகள் வகைக்குள் இவை அடங்கும். மூக்கின் காவலைத் தாண்டி நுரையீரலின் கடைசிக் காற்றுப் பைகள் வரை போகும். மிக நுண்ணியவை இரத்தத்திலும் கலக்கும். ஆகவே இவற்றால் வரும் கேடு மூச்சோடு நிற்பதில்லை, மாரடைப்பும் பக்கவாதமும் இந்தக் கணக்கில் சேரும்.

மலையை மறைக்கும் துகளும் மார்பைக் கெடுக்கும் துகளும் பெரும்பாலும் ஒன்றே. அதனால்தான் மலை தெரிகிறதா என்ற கேள்வியை ஒரு உடல்நலக் கேள்வியாகவே கேட்கச் சொல்கிறேன். அருகிலுள்ள மலை காற்று ஓரளவு கெட்டிருந்தாலும் தெளிவாகத் தெரியும். எனவே தூரத்துக் குன்றைப் பார்த்துப் பழகுங்கள்.

சென்னையில் உதித்த பச்சைச் சூரியன்

துகள்கள் ஒளியை எப்படி மாற்றும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு வியப்பான சான்று இருக்கிறது. 1883 ஆகஸ்ட் 26, 27 தேதிகளில் இந்தோனேசியாவின் கிரகடோவா எரிமலை வெடித்துச் சிதறியது. இரண்டு வாரம் கழிந்து, செப்டம்பரில், இலங்கையிலும் சென்னையிலும் சூரியன் பச்சையாகவும் நீலமாகவும் தெரிந்தது. அப்போது சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பேராசிரியராக இருந்த மிக்கி ஸ்மித் இதைக் கவனித்து அறிவியல் உலகுக்கு எழுதினார். ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் கிளம்பிய சாம்பலும் கந்தகத் துளிகளும் உயர வானில் மிதந்து வந்து, சிவப்பு ஒளியை அதிகமாகச் சிதறடித்துப் பச்சையையும் நீலத்தையும் விட்டுவைத்தன. துகள்கள் ஏறத்தாழ ஒரே அளவில் இருந்ததால்தான் இது நடந்தது. பல அளவுகள் கலந்த நம் ஊர்ப் புகைமூட்டத்தில் நிறம் கெட்டு வெளுப்பு மட்டுமே மிஞ்சும்.

அதே மிக்கி ஸ்மித்தான் பின்னாளில் சூரிய ஆய்வுக்குப் பொருத்தமான இடம் தேடிப் பழனி மலைத்தொடரைத் தேர்ந்தெடுத்தார். 1899இல் கொடைக்கானலில் ஆய்வுக்கூடம் அமைந்தது. சமவெளியின் தூசி எட்டாத, 2,343 மீட்டர் உயரத்து வானம் அதற்குத் தேவைப்பட்டது. தொலைநோக்கியை மலைமேல் ஏற்றிவிட்டார்கள். நம் நுரையீரலுக்கு அந்த வழி இல்லை.

செயற்கைக்கோளுக்கு எட்டுவதும் எட்டாததும்

அருகில் தரைக்கருவி இல்லாத இடத்தில், கைப்பேசி காட்டும் எண்ணுக்குச் செயற்கைக்கோள் தரவும் ஓர் ஆதாரமாக இருக்கலாம். ஆனால் செயற்கைக்கோள் தூசியை நேரடியாக எடை போடுவதில்லை. சூரிய ஒளி காற்றுமண்டலத்தில் புகுந்து, துகளில் பட்டுச் சிதறி, தரையிலும் பட்டுத் திரும்பி மேலே வரும்போது அதை அளக்கிறது. தரையிலிருந்து வந்த பங்கைக் கழித்தால் மீதி துகளின் கணக்கு. அமெரிக்காவின் டெர்ரா 1999இலும் அக்வா 2002இலும் ஏவப்பட்டன. இஸ்ரோவின் இன்சாட்-3டி வரிசையில் அண்மையது 2024 பிப்ரவரியில் போனது. இவற்றின் தரவிலிருந்து, தரை முதல் உயர வானம் வரை உள்ள துகள்கள் எவ்வளவு ஒளியைத் தடுக்கின்றன என்பதற்கு ஓர் எண் கிடைக்கிறது.

இங்கேதான் நாம் கவனமாக இருக்க வேண்டும். அந்த எண் முழு உயரத்துக்கும் சேர்த்தது. ஆனி, ஆடி மாதங்களில் அரேபியப் பாலைவனத் தூசி அரபிக்கடலைத் தாண்டி சில கிலோமீட்டர் உயரத்திலேயே பயணம் செய்யும். செயற்கைக்கோளுக்கு அது பளிச்சென்று தெரியும், கீழே நிற்பவர் மூக்கில் அதில் ஒன்றும் ஏறாமல் போகலாம். இதற்கு நேர்மாறாக, தெருமுனையில் பிளாஸ்டிக் குப்பையை எரித்தால் பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு இளைப்பு வந்துவிடும். வானத்துக் கருவிக்கு அது சிறு புள்ளிகூட ஆகாது. டெர்ரா, அக்வா தரும் வழக்கமான துகள் வரைபடத்தில் ஒரு கட்டம் 10 கிலோமீட்டர் அகலம். நாகமலை புதுக்கோட்டை, பல்கலைக்கழக வளாகம், சமணர் மலை, வைகைக் கரை எல்லாம் அந்த ஒரே கட்டத்துக்குள் வந்துவிடலாம்.

தரை இருண்டிருந்தால் கணக்கு எளிது. காடும் வயலும் அப்படி. காய்ந்த கண்மாய், வெளிர் பாறை, வெள்ளையடித்த மாடிகள் எல்லாம் தாமே ஒளியைத் திருப்பி வீசுவதால் எது தூசி, எது தரை என்று பிரிப்பது கடினம். நீல ஒளியை வைத்து இதைச் சரிசெய்யும் முறைகள் வந்திருக்கின்றன, பிழை முழுதாகப் போகவில்லை. மேகம் மூடினால் அளவே இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் பல நாட்கள் வெற்றிடம்தான். காற்றில் ஈரம் கூடினால் உப்பும் சல்பேட்டும் நீரை இழுத்து ஊதிப்போகும். துகளின் எடை கூடாமலே எண் கூடிவிடும்.

இந்தக் குறைகளுக்காகச் செயற்கைக்கோளை ஒதுக்கிவிடக் கூடாது. 1999 தொடக்கத்தில் இந்தியப் பெருங்கடலில் நடந்த பன்னாட்டு ஆய்வு, தெற்காசியாவின் புகைமூட்டம் கடல்மேல் சுமார் 3 கிலோமீட்டர் தடிமனில் பரவிக் கிடப்பதைக் காட்டியது. அதை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர் தமிழரான வீரபத்ரன் ராமநாதன். கப்பல், விமானம், தரைக்கருவி, செயற்கைக்கோள் நான்கும் சேர்ந்ததால்தான் அந்தப் படம் முழுமையானது. தரைக்கருவியைப் பொறுத்தவரை, மதுரையில் கோச்சடை போன்ற இடங்களில் தேசியக் காற்றுத் தரக் கண்காணிப்புத் திட்டத்தின் நிலையங்கள் உண்டு. அந்தத் திட்டத்தின் முறைப்படி வாரத்துக்கு இரண்டு நாள்தான் மாதிரி எடுக்கப்படுகிறது. மதுரை தேசியத் தூய காற்றுத் திட்ட நகரங்களில் ஒன்று. வளர்ந்துகொண்டே போகும் மேற்குப் புறநகருக்கும் நாள் முழுதும் இயங்கும் தரைக்கருவி வேண்டும் என்று கேட்பது நியாயமான கோரிக்கை.

மார்கழி விடியலை நம்பலாமா?

இதுதான் இக்கட்டுரையில் நான் அழுத்திச் சொல்ல நினைப்பது. மார்கழி, தை மாத அதிகாலைக் காற்று தூயது என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழமாக இருக்கிறது. ஆனால் உண்மை வேறு. குளிர்ந்த இரவில் தரையை ஒட்டிய காற்று கனத்துக் கீழேயே தங்கிவிடும். மேலே வெதுவெதுப்பான அடுக்கு மூடி நிற்கும். இரவு முழுதும் எழுந்த புகை அந்தத் தாழ்ந்த அடுக்குக்குள்ளேயே சுழலும். வெயில் ஏறித் தரை சூடான பிறகுதான் காற்று மேலெழுந்து கலக்கும். டெர்ரா பல்லாண்டுகள் காலை 10:30 மணியை ஒட்டியும் அக்வா பிற்பகல் 1:30 மணியை ஒட்டியும் கடந்தன. விடியற்காலை ஐந்தரை மணிக்கு நடப்பவர் சுவாசித்ததை அவை பார்த்ததே இல்லை.

போகி விடியல் இதன் உச்சம். 2018 ஜனவரி 13 அன்று போகிப் புகையும் பனியும் சேர்ந்து சென்னை விமான நிலையத்தில் விமானங்கள் தாமதமாகும் அளவுக்கு மூட்டம் போட்டது. டயரும் பிளாஸ்டிக்கும் அந்தத் தீயில் போகவே கூடாது.

இதய நோய், ஆஸ்துமா, நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவர்கள் இம்மாதங்களில் நடைப்பயிற்சியை வெயில் வந்த பிறகோ மாலையிலோ வைத்துக்கொள்ளலாம். நெடுஞ்சாலை ஓரத்தைவிட ஊருக்குள் மரமுள்ள தெரு மேல்.

வெயில் மங்கினால் எலும்புக்கும் கேடு

எலும்பு உறுதிக்குத் தேவையான வைட்டமின் டி தோலில் உருவாகப் புற ஊதா பி கதிர் வேண்டும். துகள்மூட்டம் அதைக் குறைக்கிறது. தில்லியில் புகை மிகுந்த பகுதிக் குழந்தைகளுக்குப் புகை குறைந்த பகுதிக் குழந்தைகளைவிட இந்த வைட்டமின் குறைவாக இருந்ததை 2002இல் வெளியான ஆய்வு காட்டியது. மதுரை வெயில் தில்லியைவிடத் தாராளமானது, ஆனால் வீட்டுக்குள்ளேயே இருக்கும் முதியவர்களுக்கு இங்கும் குறைபாடு வரும். மூட்டமான நாளில் கண்ணுக்கு ஆபத்தில்லை என்றும் எண்ண வேண்டாம். வெளுத்த வானம் எல்லாப் பக்கமும் ஒளியைச் சிதறடிக்கும், கண் கூசும்.

வீட்டிலும் வேலையிலும்

உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் பி.எம். 2.5க்கு ஆண்டுச் சராசரி வரம்பை ஒரு கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராம் என்று குறைத்தது. 2009 முதல் இருக்கும் இந்திய வரம்பு 40. இந்திய வரம்புக்குள் இருக்கும் காற்றும் பாதிப்பில்லாதது என்று சொல்ல முடியாது.

விறகு அடுப்பு உள்ள வீட்டில் வெளிக்காற்றைவிட அடுப்படிக் காற்றே மோசம். பீடி சிகரெட்டைத் தொடாத பெண்களுக்கு நாள்பட்ட நுரையீரல் நோய் வர இது ஒரு பெரிய காரணம். சிலிண்டர் இருந்தும் வெந்நீருக்கு விறகு வைப்பவர்கள் அடுப்பை வெட்டவெளிக்கு மாற்றட்டும், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஊத வேண்டாம். கொசுவர்த்திச் சுருளும் நுண்துகளைத்தான் தருகிறது, கொசுவலை நல்லது. தண்ணீர் தெளித்த பிறகு வாசல் பெருக்குவதும், வீட்டுக்குள் ஈரத்துணியால் துடைப்பதும் பருந்தூசியைக் கிளப்பாது.

முகத்தில் சுற்றும் துண்டு சாலைப் புழுதியை ஓரளவு தடுக்கும், நுண்துகளை விட்டுவிடும். என்95 முகக்கவசம் மூக்கோரம் இடைவெளி இல்லாமல் பொருந்தினால்தான் பயன்.

கல் அறுக்கும் பட்டறையிலும் குவாரியிலும் வேலை செய்பவர்களின் நிலை தனி. மேலூர்ப் பக்கக் கிரானைட் தொழில் அறிந்த மாவட்டம் இது. சிலிக்காத் தூசி தரும் சிலிக்கோசிஸ் நோயைக் குணமாக்க மருந்தில்லை, தடுக்கத்தான் முடியும். தண்ணீர் விட்டு அறுத்தால் தூசி பெருமளவு அடங்கும். சட்டப்படி இது அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய தொழில் நோய். ஆகவே மருத்துவர் கேட்காவிட்டாலும், என்ன வேலை செய்கிறீர்கள், எத்தனை ஆண்டுகளாக என்பதை நீங்களே சொல்லுங்கள்.

தூசி இருமல் என்று விட்டுவிடாதீர்கள்

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் சளிப் பரிசோதனை அவசியம். காசநோய்க்கான பரிசோதனையும் மருந்தும் அரசு மருத்துவமனைகளில் இலவசம். மாடிப்படி ஏறினால் முன்பில்லாத இளைப்பு, இரவில் விசில் போன்ற மூச்சு, சளியில் இரத்தம் ஆகியவற்றுக்கு இரண்டு வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம். தோப்பூர் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையும் மதுரை இராசாசி அரசு மருத்துவமனையும் இங்கிருந்து பேருந்தில் போகும் தூரம்தான். உதடு நீலம் பாய்ந்தாலோ, பேச முடியாமல் மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு இறுகி வலித்தாலோ 108ஐ அழையுங்கள். இன்ஹேலர் பயன்படுத்துபவர்கள் மூட்டமான மாதங்களில் தாமாக அளவைக் குறைக்காமல், கூட்டியும் போடாமல், மருத்துவர் எழுதித் தந்தபடி எடுத்துக்கொள்ள வேண்டும். பழக்கமாகிவிடும் என்ற பயத்தில் அதை நிறுத்திவிட்டு, மூச்சு முட்டிய பிறகு ஓடிவருபவர்கள் இன்னும் நிறைய இருக்கிறார்கள்.