பெய்த மழை பூமியில் இறங்காதது ஏன்?

மழை பெய்யவில்லையே என்று வருந்தும் குடியானவர்கள் பலர். பெய்த மழை எங்கே போயிற்று என்று விசாரிப்போர் சிலரே. ஓர் ஏக்கரில் ஓர் அங்குல மழை பெய்தால், விழும் ஜலம் ஒரு லட்சம் லிட்டருக்கு மேற்படும். காஞ்சிபுரம் ஜில்லாவிலோ ஆண்டு மழையில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்திலேயே பெய்துவிடுகிறது. அப்பொழுது பூமி குடிக்காத ஜலம் பிறகு பயிருக்குக் கிட்டாது.

உத்திரமேரூரைச் சுற்றியுள்ள செம்மண் மேட்டு நிலங்களில் ஜலம் இறங்காமைக்கு மூன்று காரணங்கள் உண்டு. முதலாவது, மேல் ஓடு. வெறும் தரையில் மழைத்துளி வேகமாய் மோதுங்கால் மண்கட்டிகள் சிதறுகின்றன. நுண்ணிய மண் துவாரங்களை அடைத்துக் காய்ந்தபின் ஓடுபோல் இறுகுகிறது. இரண்டாவது, அடிப்பத்தை. ஆண்டுதோறும் ஒரே ஆழத்தில் உழுவதாலும், ஈரத்தில் டிராக்டரை ஓட்டுவதாலும் உழுசாலின் கீழே மண் கெட்டிப்படுகிறது. மூன்றாவது, மக்குச்சத்துக் குறைவு. எருவிடாத மண்ணில் புழுக்கள் குறையும். அவை குடையும் வழிகளும் குறையும்.

"ஓடும் நீர் ஏரிக்குத்தானே செல்கிறது?" என்று சிலர் வினவலாம். உண்மையே. ஆனால் அது தனியே செல்வதில்லை. வயலின் மேல்மண்ணையும் உடன் கொண்டு செல்கிறது. வயல் மெலிகிறது; ஏரியும் தூர்ந்து கொள்ளளவு குறைகிறது. கி.பி. 921-ஆம் ஆண்டின் உத்திரமேரூர்க் கல்வெட்டு ஏரி வாரியத்தைக் குறிப்பிடுகிறது. ஏரிப் பராமரிப்புக்கெனத் தனி வாரியம் வைத்த ஊரில், ஏரிக்கு மேலுள்ள வயல்களையும் காப்பது தகும்.

செய்யவேண்டுவன எளியவையே. கோடை மழை கிடைத்தவுடன் சரிவுக்குக் குறுக்கே உழுக. மண்ணைப் பொடியாக்காது கட்டியாகவே விடுக. அடிப்பத்தை உள்ள நிலத்தில், மண் உலர்ந்திருக்கும்போது உளிக்கலப்பை ஓட்டுக. வரப்புகளைப் பருவத்திற்கு முன் செப்பனிடுக. தொழுவுரத்தைத் தவறாது இட்டு, கடலைக்கொடி, வைக்கோல் முதலியவற்றில் கால்நடைக்குப் போக மிஞ்சியதை எரிக்காமல் மூடாக்காகப் பரப்புக.

பலனை அறியக் கருவி எதுவும் வேண்டாம். நல்ல மழைக்கு மறுநாள், உழுத நிலத்திலும் உழாத நிலத்திலும் மண்வெட்டியால் ஒவ்வொரு குழி வெட்டி, ஈரம் எத்தனை விரற்கடை இறங்கியுள்ளதென்று அளந்து பார்க்கவும். நாற்பது வயலில் நான் சொல்வதைவிட அக்குழி இரண்டும் தெளிவாகச் சொல்லும்.